கிணற்றடி அவரை

அவரைச் செடி வெளுப்பதை முதலில் பார்த்தது பூட்டுக்காரர்தான். மற்றவர்கள் கவனிக்கிற அளவுக்கு மஞ்சள் ஏறுவதற்கு முன்பே அவர் பார்த்துவிட்டார். எங்கேயோ ஏதோ நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிற கண் அது.

தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மோட்டார் அறைக்குப் பூட்டு, உரம் வைக்கிற தகரப் பெட்டிக்குப் பூட்டு, மருந்து அலமாரிக்குப் பூட்டு, வாசல் குழாய்க்குக்கூட ஒரு சின்னப் பூட்டு. இடுப்பில் சாவிக்கொத்து நடைக்கு ஒரு சத்தம் போடும். "பூட்டு வருது" என்று சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது. அவருக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை. "பறிகொடுத்துட்டு நிக்கறவன்னு பேரெடுக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்பார்.

மழை விட்டு வெயில் வந்த காலை. வரப்பில் குந்தி உட்கார்ந்து ஒரு செடியின் இலைகளைப் புரட்டினார். அடி இலைகள் வெளுத்திருந்தன. நுனி இலைகள் பச்சையென்றும் சொல்ல முடியாமல் மஞ்சளென்றும் சொல்ல முடியாமல் கழுவிப் போட்ட துணி மாதிரி இருந்தன. ஓட்டை இல்லை. புழு இல்லை. அசுவினிப் பூச்சி ஒட்டவில்லை. ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். அவரை வாசனைதான் வந்தது. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

வீடு வயலை ஒட்டியே இருந்தது. முன்னறையில் தையல் மெஷின். அவர் மனைவி அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக் கொடுப்பாள். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் டெய்லரக்கா. மகள் படிப்பை முடித்துவிட்டு வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தாள். பின்னறையில் பூட்டுக்காரரின் தம்பி. வீட்டில் சின்னவன், வெளியே மருந்துக்காரன். டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு கூலிக்கு மருந்தடிப்பது அவன் தொழில். எந்த வயலில் எந்தப் பூச்சி என்று அவனுக்குத் தெரியும். எந்த வீட்டில் பெண் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் ஒரு வீட்டிலும் கொடுக்கவில்லை. ஒரு பெண்ணின் அப்பா மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "குளிச்சிட்டுத்தான் வந்தீங்களா தம்பி?" என்று கேட்டதை அவனே சொல்லிச் சிரிப்பான். டெய்லரக்கா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அவள் அந்த வீட்டில் முதலில் தைத்தது அவனுடைய சட்டையைத்தான்.

அன்று மூவரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரொட்டியும் முட்டையும் தாளித்த அவரைக்காயும். சின்னவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். எப்போதும் அப்படித்தான் சாப்பிடுவான். அன்று அதையும் பூட்டுக்காரர் பார்த்தார்.

"டேங்கைக் கழுவினியா?"

"எப்பண்ணே?"

"நம்ம அவரைக்கு அடிச்சியே, அன்னிக்கு."

"கழுவாம அடிப்பேனா?"

"அதுக்கு முந்தின நாள் எங்க போயிருந்தே?"

"முட்டைக்காரர் பண்ணைக்கு. வேலியோரம் புல்லு மண்டிக் கிடந்துச்சு. களைக்கொல்லி அடிக்கச் சொன்னாரு."

பூட்டுக்காரர் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"களைக்கொல்லி."

"சோப்புத்தூள் போட்டு அலசினேண்ணே. பைப்பு, நாசில் எல்லாத்தையும் கழட்டி அலசினேன். ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. கேட்டேன்."

"அவர் கேட்டார்னா ஏதோ ஆச்சுன்னு அர்த்தம்" என்றாள் டெய்லரக்கா, சின்னவனின் தட்டில் காயை வைத்துக்கொண்டே. "சொல்லிடுங்களேன். மென்னுக்கிட்டே இருந்தா ரொட்டியும் இறங்காது."

"அவரை வெளுக்குது."

சின்னவன் அப்போதுதான் நிமிர்ந்தான். "களைக்கொல்லி பட்டா சுருண்டு கருகும்ணே. வெளுக்காது."

"எனக்குத் தெரியாததைச் சொல்றே."

சின்னவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

முட்டைக்காரரின் கோழிப்பண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. இன்னும் கொட்டகை போட இடம் வேண்டும் என்று அவர் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. பூட்டுக்காரர் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார். போன கோடையில் வெயிலில் மருந்தடித்துவிட்டுச் சோர்ந்து வந்து உட்கார்ந்த சின்னவன், "கொடுத்துட்டாதான் என்னண்ணே" என்று ஒரே ஒரு தரம் சொன்னான். சொன்னவன் மறந்துவிட்டான். கேட்டவர் அதை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

இப்போது அது திறந்துகொண்டது. விளைச்சல் போனால் நிலம் எதற்கு? விற்றுவிடலாம் என்று அண்ணனே இறங்கி வருவான். அப்படி யார் கணக்குப் போட்டிருப்பார்கள்?

அவர் வேவு பார்க்க ஆரம்பித்தார். சின்னவன் குளிக்கப் போன நேரம் டேங்கின் மூடியைத் திறந்து மூக்கை விட்டுப் பார்த்தார். மருந்து அலமாரியின் பாட்டில்களில் மட்டம் எவ்வளவு என்று சாக்குக்கட்டியால் கோடு போட்டார். சின்னவன் வேலைக்குப் போகிற வயல்களுக்கு ஏதோ வேலை இருப்பதுபோல் தானும் போய் நின்றார். அவன் முட்டைக்காரரோடு பேசினால் உதட்டைப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவருக்குப் பெரிய சாட்சியாகிவிட்டது. இவ்வளவு சுத்தமாக ஒருத்தன் இருக்கிறான் என்றால் சும்மாவா?

யூரியா போட்டுப் பார்த்தார். சில நாள் பச்சை கட்டியது. பிறகு பழையபடி வெளுத்தது. பூ பூத்தது, நின்றது பாதி, உதிர்ந்தது பாதி.

வேலியோரம் நின்றிருந்த முட்டைக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"என்ன, அவரை சோர்ந்து போச்சு போல?"

"உங்க கண்ணு ஏன் என் அவரைமேல?"

"வாசல்ல நின்னா தெரியுதுங்க. கண்ணை மூடிக்கிட்டா நிக்க முடியும்? கோழிக்குப்பை கிடக்கு, வேணும்னா அள்ளிட்டுப் போங்க. சும்மாதான்."

"சும்மா கொடுக்கறதுல என்னென்ன கலந்திருக்குமோ."

"கோழி கலந்ததுதான்" என்று சொல்லிவிட்டு முட்டைக்காரர் உள்ளே போய்விட்டார்.

அந்த மத்தியானம்தான் பூட்டுக்காரர் கிணற்றடி வரிசைகளைப் பார்த்தார். தினமும் பார்க்கிறதுதான். ஆனால் வயல் முழுவதும் வெளுத்த பிறகுதான் அவை கண்ணில் குத்தின. கிணற்றை ஒட்டிக் கடைசியில் சில வரிசைகள், கரும்பச்சை. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. வீட்டுச் சமையலுக்கு டெய்லரக்கா அங்கேதான் பறிப்பாள். வெளுத்த வயலுக்கும் பச்சை வரிசைகளுக்கும் நடுவே யாரோ அளவு நாடா வைத்து வெட்டிய மாதிரி எல்லை இருந்தது.

அவர் வீட்டுக்குப் போனார். மனைவி, தம்பி இருவரையும் சேர்த்து வைத்துக் கேட்கக்கூடாது என்று வழியிலேயே முடிவு செய்துகொண்டார்.

டெய்லரக்கா ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கிணத்தடி வரிசை மட்டும் எப்படி இருக்கு, பார்த்தியா?"

"நல்லாத்தானே இருக்கு." மெஷின் நிற்கவில்லை.

"ஏன் நல்லா இருக்கு?"

"கிணத்துக் கசிவு இருக்கும். ஈரம் பிடிச்சிருக்கு, அதான்."

யோசிக்காமல் வந்தது பதில். பல வருஷமாகத் தயாராக இருந்த பதில் மாதிரி. அவர் பின்பக்கம் போனார். சின்னவன் மருந்து பீய்ச்சும் நாசிலைப் பிரித்துப் போட்டு ஊசியால் குத்திக்கொண்டிருந்தான்.

"கிணத்தடி வரிசை ஏன் பச்சையா இருக்குன்னு அண்ணியைக் கேட்டேன்."

ஊசி நின்றது. "அண்ணி சொல்லிட்டாங்களா?"

பூட்டுக்காரருக்கு அது போதும். ஆனாலும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "சொல்லிட்டா. நீ உன் வாயால சொல்லு" என்றார்.

சின்னவனுக்குப் பொய் வராது. வந்திருந்தால் அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும் என்று டெய்லரக்கா கேலி செய்வாள். அவன் சொன்னான். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் வயலில் விளையாடிக்கொண்டே பச்சை அவரைக்காயைப் பறித்துத் தின்றாள். சாயந்திரம் வாயில் எச்சில் ஒழுகியது, வாந்தி, கண் சொருகல். ஆஸ்பத்திரியில் டாக்டர், "மருந்து ஏதாவது பட்டுச்சா?" என்று கேட்டார். முந்தின நாள்தான் அடித்திருந்தது. பூட்டுக்காரர், "இல்லைங்க, வெயில்" என்றார். காய் மறுநாள் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த பிறகு டெய்லரக்கா, கிணற்றடி வரிசைகளை மட்டும் மருந்தில்லாமல் விடுங்கள் என்று கேட்டாள். அவர் முடியாது என்றார். நாம் தின்பது ஒன்று, விற்பது ஒன்று என்று வெளியே தெரிந்தால் ஒரு காய் விற்காது என்றார்.

"அதுக்கப்புறம் அண்ணி என்கிட்ட கேட்டாங்க. நான் சரின்னுட்டேன்."

"அடிக்கிற மருந்து மட்டுமா?"

"குருணை மருந்தும்தாண்ணே. விதைகூட அங்க அண்ணி எடுத்து வச்ச விதைதான். நீங்க விதையில கலக்கற மருந்துத் தூளு அதுல இல்ல."

விதைப்பு நாளில், வேர்ப்புழுவுக்கென்று வாங்கிய அந்தக் குருணை மருந்தை மண்ணில் போடுவது பூட்டுக்காரரின் கை வேலை. வேறு யாரையும் நம்பமாட்டார். கிணற்றடிக்கு வரும்போது மட்டும் முதுகு விட்டுப்போகும். வாளியைச் சின்னவனிடம் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து பார்ப்பார்.

"நான் பார்த்துக்கிட்டே இருந்தேனே. கையை வீசி வீசிப் போட்டியே."

"வெறும் கையைத்தாண்ணே வீசினேன்."

பூட்டுக்காரர் எழுந்தார். ஊரில் ஒருத்தனும் தன்னை ஏமாற்ற முடியாது என்று இருந்தவர். கண்ணெதிரே, பட்டப்பகலில், வருஷா வருஷம் ஒருவன் வெறும் கையை வீசியிருக்கிறான். இன்னொருத்தி அதைச் சமைத்துப் போட்டிருக்கிறாள். அவர் அதைத் தின்றிருக்கிறார்.

நேரே கிணற்றடிக்குப் போனார். முதல் செடியை வேரோடு பிடுங்கினார். அடுத்தது. அடுத்தது. மழை பெய்த மண், செடிகள் சுலபமாக வந்தன. காயும் பூவுமாகக் காலடியில் குவிந்தன. சின்னவன் ஓடிவந்து, "அண்ணே, காய் இருக்கு, காய் இருக்கு" என்று கையைப் பிடித்தான். உதறிவிட்டார். கழுத்தில் அளவு நாடாவோடு டெய்லரக்கா வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"கசிவாம்ல, கசிவு! எங்கிட்ட கசிவுன்னு சொல்றே?"

"சொன்னேன். பின்ன என்ன சொல்றது? கேட்டப்ப முடியாதுன்னீங்க. என் பிள்ளைக்கு நான் வேற எங்க போய் காய் வாங்குவேன்?"

"அதுக்கு இவன்கிட்ட போவியா?"

"வீட்டுல இருக்கறவன்கிட்ட கேட்டேன்."

"இத்தனை வருஷம் எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை வச்சிருந்திருக்கீங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. "இது ஒண்ணுதானா? இன்னும் என்னென்ன இருக்கு, ரெண்டு பேருக்குள்ள?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலும் விழுந்தது. கோழிப்பண்ணையில் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. சின்னவன் அண்ணியைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. திரும்பி வீட்டுக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் டேங்க் ஒரு தோளிலும் பை ஒரு தோளிலுமாக வெளியே வந்து ரோட்டில் இறங்கிப் போய்விட்டான். செருப்பின் வார் சரியாகப் போடவில்லை, இழுத்துக்கொண்டே போனான்.

டெய்லரக்கா அழவில்லை. குனிந்து, பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து காய்களைப் பறிக்க ஆரம்பித்தாள். அவளுக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. ஒரு செடியைத் தூக்கி உதறினாள். மண் உதிர்ந்தது. வேரெல்லாம் பாசிமணி கோத்த மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள்.

"பாரு" என்றார் பூட்டுக்காரர். பேச ஒரு பொருள் கிடைத்துவிட்ட வேகம். "நல்லாப் பாரு, வேர்ல புழு விழுந்திருக்கு. புழு முடிச்சு. மருந்து போடாத லட்சணம். வயல் பூரா இந்த நோய்தான் பரவியிருக்கு, இங்கேருந்துதான்."

டெய்லரக்கா நிமிர்ந்தாள். நாலு எட்டு நடந்து வெளுத்த செடி ஒன்றைப் பிடுங்கினாள். உதறினாள். வேர் நூல்கண்டு பிரிந்த மாதிரி சுத்தமாக இருந்தது. தேடினாலும் ஒரு முடிச்சு இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அவர் காலடியில் போட்டாள்.

"நோய் பிடிச்சது பச்சையா நிக்குது. நோய் இல்லாதது வெளுத்து நிக்குது. எனக்குத் துணிதான் தெரியும். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, சொல்லுங்க."

அவர் குனிந்து இரண்டு வேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவள் காய்களை மடியில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் இரண்டு செடிகளையும் ஈரத்துணியில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் பைக்குள் வைத்துக்கொண்டு விவசாய ஆபீசுக்குப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள் இருந்தாள். ஜலதோஷம், மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பூட்டுக்காரர் பையைத் திறக்காமல் முதலில் கேட்டார்:

"பகையில யாராவது ஒரு வயலைக் கெடுக்கணும்னா என்ன போடுவாங்க?"

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க போடப் போறீங்களா, உங்களுக்குப் போட்டுட்டாங்களா?"

அவர் செடிகளை எடுத்து வைத்தார். அவள் பச்சைச் செடியின் வேரிலிருந்து ஒரு முடிச்சை விரலால் தேய்த்தாள். கழன்று வந்தது. பிளேடால் இரண்டாக வெட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பாக, இறைச்சித் துண்டு மாதிரி இருந்தது.

"புழு முடிச்சுன்னா வேரே வீங்கியிருக்கும், தனியா உதிராது. இது நல்ல முடிச்சு. உள்ள பாக்டீரியா இருக்கு. காத்துல இருக்கற தழைச்சத்தைப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும். செடி அதுக்குத் தீனி போடும். ஒண்ணை ஒண்ணு நம்பித்தான் பிழைப்பு."

"பாக்டீரியான்னா நோய்தானேங்க?"

"எல்லாம் நோய் இல்ல. மண்ணுல பாதிக்குமேல நமக்கு வேலை செய்யறதுதான். அந்த வெளுத்த செடிக்கு என்ன போட்டீங்க?"

அவர் சொன்னார். விதைக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தூள். விதைப்புக்குக் குருணை. முளைச்ச பிறகு வேருக்கு ஊத்துகிற மருந்து. அப்புறம் யூரியா. சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

"எத்தனை வருஷமா?"

"அப்பா போனதிலேருந்து."

"மண்ணைப் பரிசோதிக்காம நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். யூரியா கூடினாலும் முடிச்சு வைக்காது. ஆனா இந்தத் தூளும் குருணையும் புழுவை மட்டும் பார்த்துக் கொல்றதில்ல. இவ்வளவையும் வருஷா வருஷம் போட்டா அந்த மண்ணுல எது உயிரோட இருக்கும்? யாரு போட்டது இதெல்லாம்?"

பூட்டுக்காரர் துணியை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"நான்தான்."

வெளியே வந்ததும் அவர் மனசு வேறு ஆள் தேடியது. இந்த அம்மாள் ஏதாவது பாக்கெட் விற்பதற்காகச் சொல்கிறாளோ? அவள் எதையும் விற்கவில்லை. நல்ல வரிசையின் மண்ணை அள்ளி வயலில் தூவுங்கள், அடுத்த விதைப்புக்கு இதையெல்லாம் நிறுத்துங்கள் என்று மட்டும்தான் சொன்னாள். அப்படியானால் பூச்சிமருந்துக் கடைக்காரன். பல வருஷத்துக்கு முன்னால் முதன்முதலில் புழு முடிச்சு என்று சொன்னவனே அவன்தான். அவர் கடைக்குப் போய்க் கல்லாவின் முன்னால் நின்றார்.

"புழுன்னு சொன்னது நீதானே?"

கடைக்காரன் மறக்கவில்லை. "வேருல முடிச்சு முடிச்சா இருக்குன்னு நீங்க சொன்னீங்க. புழுவா இருக்கும்னேன். எதுக்கும் வேரைக் கொண்டாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? கடையில நாலு பேர் பார்ப்பான், என் வயல்ல நோயின்னு ஊர் பூரா தெரிஞ்சு போகும், நீ மருந்தைக் கொடுன்னீங்க. சொன்னீங்களா இல்லையா?"

சொன்னார். அன்றைக்கு வார்த்தை மாறாமல் அதைத்தான் சொல்லியிருந்தார். கடையை விட்டு இறங்கிய பிறகு சந்தேகப்பட அவருக்கு ஆளே மிச்சமில்லை. ரோட்டோரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார். டீ ஆறி ஏடு கட்டியது. குடிக்காமல் எழுந்து போனார்.

சின்னவன் முட்டைக்காரரின் பண்ணையில், தீவன அறையில் தங்கியிருந்தான். பூட்டுக்காரர் போனபோது மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். தூசியில் புருவம் வெளுத்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் பழக்கத்தில் ஒரு மூட்டையைத் தட்டி உட்கார இடம் காட்டினான்.

"நீ ஒண்ணும் பண்ணலை" என்றார் அண்ணன். "ஆபீசுல கேட்டேன். நான் போட்ட மருந்துதான். மண்ணுல இருந்த நல்லதை எல்லாம் கொன்னுருக்கு."

"அப்படியா."

"வா, வீட்டுக்குப் போலாம்."

சின்னவன் மூட்டையின் கட்டை இறுக்கினான். "செடியைப் பத்தி நீங்க என்ன சொல்லியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேண்ணே. களைக்கொல்லி அடிச்சேன், முட்டைக்காரருக்கு ஆளா இருந்தேன், எது வேணா சொல்லியிருக்கலாம்."

"கோவத்துல வந்துருச்சுடா."

"எங்க மேலயும் தப்பு இருக்கு. உங்களுக்குத் தெரியாம செஞ்சோம். அதைவிட, நாம தின்னது ஒண்ணு, வித்தது ஒண்ணு. வண்டியில காய் ஏத்தறப்பல்லாம் எனக்கு வாங்கறவங்க வீட்டுப் பிள்ளைங்க ஞாபகம்தான் வரும். அதுக்கு என்னை அடிச்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டு இருந்திருப்பேன்."

"இப்ப வா."

"இன்னிக்கு வருவேன். நாளைக்கு அண்ணி எனக்கு ஒரு ரொட்டி கூட வச்சா உங்க கண்ணு எங்கண்ணே போகும்?"

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வந்தார். தம்பி அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்ல வராதவனின் முன்னால் அவருக்கும் வரவில்லை.

"வேலைக்கு வர்றேன்" என்றான் சின்னவன். "விதைப்புக்குக் கூப்பிடுங்க, வர்றேன். இருக்கறது இங்கேயே இருந்துக்கறேன்."

வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாளிலிருந்து அவள் சமைத்தாள், பரிமாறினாள், பேசவில்லை. கேட்டால் ஒரு வார்த்தை. பூட்டுக்காரர் துணிகள் குவிந்திருந்த நாற்காலியில் உட்காரப் போய், துணியை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

"தம்பி வரமாட்டேங்கறான்."

ஊசி ஏறி இறங்கியது.

"நான் சொன்னது தப்பு."

"எது?"

"நேத்துக் கிணத்தடியில... உன்னையும் அவனையும் சேர்த்து."

மெஷின் நின்றது. "சொன்னது தப்பா, நெனச்சது தப்பா?"

வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அவர் கையிலிருந்த துணியில் ஓர் இழை பிரிந்திருந்தது. அதை இழுத்துக்கொண்டே நின்றார்.

"நெனச்சது" என்றார்.

"பிள்ளையைத் தூக்கிட்டுப் போனோமே. டாக்டர் கேட்டப்ப வெயில்னு சொன்னீங்களே. அது?"

அவர் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தார்.

"பயந்துட்டேன்."

"நானும்தான் பயந்தேன். மருந்துன்னு நான் சொல்லியிருக்கலாம். உங்க முகத்தைப் பார்த்துட்டுச் சும்மா இருந்தேன்." நூலைப் பல்லால் கடித்தாள். "அன்னிக்கே முடிவு பண்ணினேன், இந்த மனுஷன்கிட்ட எதையும் கேட்டுக்கிட்டு நிக்கக்கூடாது, நாமளே செஞ்சுடணும்னு. அதுல வந்ததுதான் எல்லாம்."

அவர் துணியை அவள் பக்கத்தில் வைத்தார். அவள் எடுத்து, பிரிந்திருந்த இழையைப் பார்த்து, அதை ஊசியில் கோத்தாள்.

"கிணத்தடி மண்ணை எடுத்து வயல்ல தூவணும்னு சொன்னாங்க" என்றார். "வேரெல்லாம் அங்கதான் கிடக்கு. உன்னைக் கேட்டுட்டு எடுக்கலாம்னு."

"செடியைக் கேட்டுக்கிட்டா பிடுங்கினீங்க?"

அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"எடுத்துக்கங்க" என்றாள் தையலை முடித்துவிட்டு. "ஒரு ஓரத்தை எனக்கு விட்டுட்டு எடுங்க. இனிமே அங்க நானே விதைச்சுக்கறேன், எல்லாருக்கும் தெரியற மாதிரி. சந்தைக்குப் போற காயும் இனி மருந்தில்லாமதான் போகணும். கம்மியா வந்தா வரட்டும்."

"சரி."

"அப்புறம், தம்பிக்கு மத்தியானச் சாப்பாடு நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். தீவன மூட்டைக்கு நடுவுல அவன் என்னத்தைப் பொங்கித் திங்கறானோ. தினமும் போவேன். நீங்க கூட வரவேண்டாம்."

அவர் தலையசைத்தார். அது போதாது என்று அவள் பார்வை சொன்னது.

"போயிட்டு வா" என்றார்.

அடுத்த நாள் வானம் மூடியிருந்தது. கிணற்றடி மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளி, வெளுத்த செடிகளுக்கு இடையில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார் பூட்டுக்காரர். கையால் உதிர்த்துத் தூவினார். அறுந்த வேர்த்துண்டுகளில் முடிச்சுகள் இன்னும் ஒட்டியிருந்தன. இது பிடிக்குமா, எத்தனை விதைப்பு ஆகும் என்று அந்த அம்மாளும் சொல்லவில்லை, யாராலும் சொல்ல முடியாது. மண்ணுக்குள் நடப்பதை எட்டிப் பார்க்க வழியில்லை.

மத்தியானம் வீட்டுக் கதவு திறந்து மூடியது. பாத்திரம் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம். டெய்லரக்காவின் ஸ்கூட்டர் கிளம்பி, வயலோரமாக வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் கடந்தது. வளைவில் வேகம் குறைந்தது. பண்ணைப் பக்கம் திரும்பியது. நின்றது. ஒவ்வொரு சத்தமும் அவர் காதுக்கு வந்தது. பிடரி கனத்தது. சின்னவன் குரல் போல ஏதோ கேட்டது, பிறகு அவள் சிரிப்பு போல ஏதோ.

கூடையில் இன்னும் மண் இருந்தது. அவர் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி, தலையைத் திருப்பாமல், அடுத்த செடியடியில் தூவினார்.